கடற்கரை வண்டியில் டார்ஷன் பார் கீயைக் கழற்றி உயரம் ஏற்றுவது

ஏர்வாடிப் பக்கம் கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் செவர்லே டவேரா ஒன்று என் ஷெட்டுக்கு வாடிக்கையாக வரும். என் மச்சானுடைய வண்டி, 2009 மாடல். விடிவதற்கு முன்னால் ஆட்களைக் கரையில் கொண்டுபோய் விடுவார். மத்தியானத்துக்கு மேல் ஆட்களோடு பாசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசி வகையெல்லாம் கரையிலேயே காயப்போட்டது என்றுதான் சொல்வார்கள். முழுசாகக் காய்ந்திருக்காது. மூட்டையிலிருந்து சொட்டுகிற உப்புத்தண்ணீர் தரைத் தகரத்தின் ஓட்டை வழியாக இறங்கி வண்டியின் சேஸிஸ் சட்டத்தில் நிற்கும். அது நிற்கிற இடத்தில்தான், வண்டியின் முன்பக்கத்தைத் தாங்குகிற டார்ஷன் பார் என்கிற ஸ்பிரிங் கம்பியின் பின்முனையும், அதைப் பிடித்திருக்கும் கீயும் இருக்கின்றன.

"மாப்ள, முன்பக்கம் குனிஞ்சே போச்சு. மணல்ல இறங்குனா வயிறு தட்டுது. ஒரு ஒன்றரை இஞ்ச் தூக்கிக் குடுங்க" என்று வந்து நின்றார். தார் ரோட்டிலிருந்து கரைக்குப் போகிற அரைக் கிலோமீட்டர், கருவேல மரங்களுக்கு நடுவே இரண்டு தடம் விழுந்த மணல். அந்தத் தடத்தின் நடுமேடு வண்டியின் அடியில் இருக்கிற குறுக்குக் கட்டையை, அதாவது கிராஸ் மெம்பரைச் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்டே இல்லாமல் பண்ணியிருந்தது.

இந்த வேலையை நான் பல வண்டிகளில் செய்திருக்கிறேன். தூக்குவது சுலபம். கீயை உயிருக்கு ஆபத்தில்லாமல் கழற்றுவதுதான் வேலை. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் அந்த வேலை இரண்டு மடங்கு. அதனால் கழற்றுவதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் டார்ஷன் பார், கீ என்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். சுருள் ஸ்பிரிங்கை நிமிர்த்தி நீட்டினால் ஒரு கம்பி வருமல்லவா, டார்ஷன் பார் அதுதான். வண்டியின் நீளவாக்கில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. முன்முனை சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் மாட்டியிருக்கும். பின்முனை சட்டத்தின் குறுக்குக் கட்டையில், ஏறக்குறைய முன் சீட்டுக்குக் கீழே வந்து முடியும். அந்தப் பின்முனையில் ஒரு சின்ன இரும்புக் கை செருகியிருக்கும். அதன் வாலைக் கீழிருந்து ஒரு நீளமான போல்ட்டு இழுத்துப் பிடித்திருக்கும், அதுதான் அட்ஜஸ்ட் போல்ட்டு. அந்தக் கைதான் கீ. சக்கரம் மேலே ஏறும்போது ஆர்ம் பாரை முறுக்கும், கீ முறுக விடாமல் பிடித்துக்கொள்ளும். வண்டியின் முன்பக்க எடை முழுக்க கடைசியில் அந்த இரண்டு கீயின் வாலிலும் வந்து நிற்கிறது.

டவேரா மட்டுமில்லை. குவாலிஸ், பழைய சஃபாரி டைகோர், முதலில் வந்த எண்டேவர், பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். எல்லாவற்றிலும் முன்பக்கம் டார்ஷன் பார்தான். அமெரிக்காவில் ஓடும் சில்வராடோ போன்ற கனமான பிக்கப்களிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் அவற்றில் பாரின் முனை அறுகோணமாக இருக்கும். நம் ஊரில் ஓடும் ஜப்பான் வழி வண்டிகளில் முனையைச் சுற்றிலும் பல் வெட்டியிருக்கும். சில்வராடோவில் போல்ட்டும் அதன் நட்டுக் கட்டையும் எடுக்கும்வரை கீயின் வாலைத் தாங்கிப் பிடிக்க, பெரிய சி-கிளாம்ப் மாதிரி தனிக் கருவியே உண்டு. அந்த வண்டி யாரிடமாவது இருந்தால் அந்தக் கருவி இல்லாமல் கையை வைக்காதீர்கள். பேரிங் புல்லரை வைத்துச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் கால்கள் வழுக்கும். வழுக்கினால் கீ குண்டு மாதிரி வரும்.

டவேராவில் தனிக் கருவி வேண்டியதில்லை. சக்கரத்தைத் தொங்கவிட்டால் பாரின் முறுக்கில் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தைப் போல்ட்டை லூஸ் பண்ணியே எடுத்துவிடலாம். சக்கரம் தரையில் இருக்கும்போது மட்டும் அந்தப் போல்ட்டைத் தொடவே கூடாது.

எனக்கு 19 வயதில் நடந்தது. ராமநாதபுரத்தில் ஒரு ஷெட்டில் கைவேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒரு குவாலிஸ் வந்தது. நாலு சக்கரத்திலும் நிற்கிற வண்டிக்கு அடியில் படுத்து அட்ஜஸ்ட் போல்ட்டை லூஸ் பண்ணச் சொன்னார்கள். பத்துச் சுற்று வரைக்கும் இறுக்கமாகவே வந்தது. நான் துருவினால் வந்த இறுக்கம் என்று நினைத்தேன். அது வண்டியின் எடை. பிறகு மரை ஒரேயடியாக விட்டது. கீயின் வால் கீழே அடித்தது, ஸ்பேனர் என் வலது முன்கையில் அடித்தது, வண்டியின் அந்த மூலை என் மார்புக்கு நாலு விரல் மேலே வந்து நின்றது. எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த மாவுக்கட்டைப் பிரித்த நாளிலிருந்து இன்றுவரை, சக்கரம் தொங்காமல் ஒரு கீயையும் நான் தொட்டதில்லை. என்னிடம் வேலை பழகும் பையன்களிடம் முதல் நாளே சொல்வதும் இதுதான்.

அளவு எடுப்பது

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். நாலு மூலைக்கும். நான் ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பேன். மச்சானின் வண்டி முன்பக்கம் இடது 425 மி.மீ., வலது 418 மி.மீ. இருந்தது. டிரைவர் உட்காருகிற வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருப்பது வழக்கம்தான்.

அடுத்து அட்ஜஸ்ட் போல்ட்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் யாரும் கீயைக் கழற்ற முடிவு பண்ணக்கூடாது. போல்ட்டில் இன்னும் மரை மிச்சம் இருந்தால், கீயைக் கழற்றவே தேவையில்லை. வண்டியைத் தூக்கித் தொங்கவிட்டு, போல்ட்டை நாலு சுற்று ஏற்றினால் வேலை முடிந்தது. மச்சானின் வண்டியில் முன்னாடி யாரோ அதையெல்லாம் செய்து முடித்துவிட்டிருந்தார்கள். போல்ட்டின் தலைக்கும் கட்டைக்கும் நடுவே 4 மி.மீ. இடம்தான் பாக்கி. இனி ஏற்ற வழியில்லை. கீயைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால்தான் உண்டு.

கீயை இறுக்கினால் ஸ்பிரிங் பலமாகிவிடும் என்று டிரைவர்கள் நம்புகிறார்கள். ஆகாது. பாரின் பலம் அதன் தடிமனிலும் நீளத்திலும்தான் இருக்கிறது. கீயைத் திருகினால் வண்டி நிற்கும் உயரம் மட்டும்தான் மாறும். உயர்த்திய பிறகு வண்டி அடித்துப்போட்ட மாதிரி குதிப்பது ஏன் என்றால், சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்துபோய், சின்னப் பள்ளத்திலேயே ஆர்ம் போய் ஸ்டாப்பரில் இடிக்கிறது. அதனால்தான் ஒன்றரை இஞ்சுக்கு மேல் கேட்டால் நான் செய்து கொடுப்பதில்லை. பணம் கூடத் தருகிறேன் என்றாலும் இல்லை.

முதல் நாள் சாயங்காலமே

துருப்பிடித்த வண்டிக்கு வேலை முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடுகிறது. வண்டியின் அடியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கம் போர் தண்ணீர் பாதி இடத்தில் உப்பு. அதில் கழுவினால் துருவுக்குத் தீனி போட்ட மாதிரிதான். நான் ஊருணித் தண்ணீர் நாலு குடம் எடுத்துவந்து பம்பில் அடிப்பேன்.

காய்ந்ததும் போல்ட்டில் வெளியே தெரிகிற மரை முழுவதையும் ஒயர் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிஷத்தைச் சோம்பல்பட்டு விட்டால் மறுநாள் அரை நாள் போகும். லூஸ் பண்ணும்போது வெளியே இருக்கிற துரு மரை நட்டுக்குள்ளே நுழைய வேண்டும். மண்ணும் துருவுமாக நுழைந்தால் நட்டின் மரையையும் சேர்த்துத் தின்றுவிடும். தேய்த்த பிறகு டபிள்யூ.டி. 40 அடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அடியுங்கள். கீயும் பாரும் சேருகிற இடத்திலும், பின்முனையின் ரப்பர் மூடியைத் தள்ளிவிட்டு அடியுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

கேஸ் வைத்துச் சூடு பண்ணலாமா என்று கேட்பார்கள். பாருக்குக் கிட்டே எங்கேயும் தீ கூடாது. டார்ஷன் பார் பதம் வைத்த ஸ்பிரிங் எஃகு. சூடு பட்டால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் முழு லோடில் ஓடும்போது தெரியும்.

தூக்கி நிறுத்துவது

என் ஷெட்டின் முன்பக்கம் சிமென்ட் தளம். ஆனால் இந்தக் கரையில் பாதி ஷெட்டுகள் மணல் தரையில்தான் இருக்கின்றன. மணலில் ஸ்டாண்ட் வைத்தால் வேலை நடக்க நடக்க ஒரு கால் மட்டும் மெல்ல இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் இரண்டடிக்கு இரண்டடி கனமான பலகையோ, பக்கத்தில் பக்கத்தில் போட்ட பனஞ்சட்டமோ வையுங்கள். வைத்த பிறகு வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டியபோது இறங்காதது பிறகு இறங்குவது குறைவு.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஸ்டாண்டைச் சட்டத்தில் வைக்க வேண்டும், ஆர்மில் வைக்கக்கூடாது. ஆர்மில் வைத்தால் சக்கரம் தொங்காது, பார் முறுக்கோடேயே இருக்கும். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால், இரண்டு பக்கத்தையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் கம்பி அந்தச் சக்கரத்தை முழுசாகத் தொங்கவிடாது. சக்கரங்களைக் கழற்றி வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். ஸ்டாண்டு போனாலும் வண்டி டயர் மேல் விழும்.

பிரேக் ஹோஸ் அந்தத் தொங்கலில் இழுத்துக்கொண்டு நிற்கிறதா என்று இப்போதே பாருங்கள். இழுத்தால் கிளிப்பைக் கழற்றி விடுங்கள்.

குறி போடுவது

இங்கே அவசரப்பட்டவர்கள் எல்லோரும் இரண்டாவது தடவை வேலை செய்திருக்கிறார்கள்.

கீயும் பாரும் சேருகிற இடத்தில், இரண்டின் மேலும் சேர்ந்து விழுகிற மாதிரி வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. முன்முனையில் பாரும் ஆர்மும் சேருகிற இடத்தில் இன்னொரு கோடு. அட்ஜஸ்ட் போல்ட்டின் மேலே, கட்டையிலிருந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு கோடு. வலது பாரில் "வ", இடது பாரில் "இ" என்று பெயிண்டில் எழுதிவிடுங்கள். பாரின் முனையில் கம்பெனிக்காரர்களே குத்திய இடது வலது அடையாளம் இருக்கும். ஆனால் நம் ஊர் வண்டியில் அதைத் துரு மூடியிருக்கும். இரண்டையும் மாற்றி மாட்டவே கூடாது. ஒவ்வொரு பாரையும் செய்யும்போதே, அது வேலை செய்யப்போகிற பக்கத்துக்கு முறுக்கிப் பழக்கிவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் முறுக்கினால் சீக்கிரம் தளரும், உடையவும் உடையும்.

குறியைச் சென்டர் பஞ்சால் குத்தக்கூடாது. பாரின் மேல் ஒரு சின்னக் காயம் போதும், முறிவு அங்கிருந்து தொடங்க. கீயில் குத்தலாம், பாரில் பெயிண்ட் மட்டும்தான்.

கழற்றுவது

படுக்கும்போது கீயின் வாலுக்கு நேர் கீழே முகம் வராத மாதிரி, பக்கவாட்டில் படுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துருத்தூள் கண்ணில் விழுந்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும்.

நீளமான கைப்பிடியும் சரியான அளவு ஆறுமூலை சாக்கெட்டும் போதும். காற்று கன் வேண்டாம். கன் வைத்தால் மரை போவது கைக்குத் தெரியாது. கையால் திருப்பினால் ஒவ்வொரு சுற்றிலும் தெரியும். அரைச் சுற்று லூஸ், கால் சுற்று டைட், மறுபடி அரைச் சுற்று லூஸ். இப்படியே போங்கள். நடுவில் கிறீச்சென்று சத்தம் வந்து இறுகினால் நிறுத்திவிட்டு எண்ணெய் விட்டு, டைட் பக்கம் ஒரு சுற்று போய், மறுபடி வாருங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். மச்சானின் வண்டியில் இடது போல்ட்டு பதினாலு சுற்றில் இலகுவானது. வலது பதினேழு.

இலகுவானது என்று சொன்னேனே, அதுதான் பார்க்க வேண்டிய விஷயம். சக்கரம் முழுசாகத் தொங்கும்போது, ஒரு கட்டத்துக்குப் பிறகு போல்ட்டு விரலாலேயே சுற்றும். கீயின் வாலைக் கையால் பிடித்தால் லேசாக மேலும் கீழும் ஆடும். முறுக்கு முழுவதும் இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. போல்ட்டின் மரை முடியப்போகிறது, ஆனால் கைக்கு இன்னும் கனமாகவே இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். முன்னாடி யாரோ கீயை அளவுக்கு மீறிப் பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு மரை அதிகமுள்ள, அதே அளவு, அதே பலமுள்ள நீளப் போல்ட்டைப் போட்டு இறக்குகிறவர்களிடம் கொண்டுபோங்கள். ஜாக்கியை வாலுக்குக் கீழே முட்டுக் கொடுத்துப் போல்ட்டை எடுக்கிற பழக்கம் பல ஷெட்டுகளில் இருக்கிறது. ஜாக்கியின் தலை வட்டம், கீயின் வால் சரிவு. நான் அதை அனுமதிப்பதில்லை.

போல்ட்டு வெளியே வந்ததும் அதன் அடியில் இருக்கிற வாஷரும், மேலே இருக்கிற உருளை நட்டும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இனி கீயைப் பாரிலிருந்து உருவ வேண்டும். சில வண்டியில் கீ பின்பக்கமாக வரும். சிலவற்றில் பாரை முன்பக்கம் கொஞ்சம் தள்ளினால்தான் கீக்கு வழி கிடைக்கும். உங்கள் வண்டியில் எது என்று டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்.

வராது. கடற்கரை வண்டியில் முதல் தடவையில் வரவே வராது. பல்லுக்குள்ளே துரு காறையாகப் பிடித்திருக்கும். பித்தளைக் கம்பியைக் கீயின் விளிம்பில் வைத்து, இரண்டு பவுண்டு சுத்தியலால் சின்னச் சின்னதாக, நாலு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஓங்கி ஒரே அடி அடிப்பதால் ஒன்றும் வராது, நூறு சின்னத் தட்டுகளுக்கு வரும். இடையிடையே எண்ணெய். பைப் ரிஞ்சைப் பாரில் மாட்டித் திருகுவது பெரிய தப்பு. அதன் பல் பதிந்த இடத்தில்தான் அந்தப் பார் உடையும். வலது கீயை எடுக்க எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பையன் களைத்துப்போய், "அண்ணே, வெல்டிங்காரரைக் கூப்பிடட்டுமா?" என்றான். டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அவன் தூக்குவாளியோடு திரும்பி வருவதற்குள் ஒரு மி.மீ. நகர்ந்திருந்தது. நகர்ந்துவிட்டால் பிறகு வந்துவிடும்.

பாரைப் படிப்பது

கீ கழன்ற பிறகு, உடனே மாட்டிவிடாதீர்கள். இந்த வாய்ப்பு அடுத்த அஞ்சு வருஷத்துக்குக் கிடைக்காது. பாரையும் முழுசாக உருவி எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள்.

வலது பாரை வேப்பமரத்தடியில் பெஞ்சின் மேல் போட்டுத் துணியால் துடைத்தேன். நடுவில் கம்பெனிப் பெயிண்ட் கறுப்பாக, அப்படியே இருந்தது. பின்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், ரப்பர் மூடி கிழிந்து மண் நின்ற இடத்தில் மட்டும், பெயிண்ட் அப்பளம் மாதிரி கொப்பளித்திருந்தது. அதைச் சுரண்டாமல் மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்து எடுத்தேன். அடியில் செங்கல் நிறத்தில் ஒரு வளையம். நைஸ் எமரியால் நீளவாக்கில் மட்டும், மெல்லத் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் விழும் கோடுகூடக் காயம்தான். துரு போனதும் கடுகு அளவில் மூன்று குழிகள் தெரிந்தன. கட்டைவிரல் நகத்தை அதன் மேல் ஓட்டினேன். இரண்டு குழியில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவதில் நின்றது.

நகம் நின்றால் அந்தப் பாரை நான் மாட்டமாட்டேன். மண் பாதையில், முழு லோடில், ஒவ்வொரு குலுக்கலிலும் முறுகி முறுகித் திரும்புகிற இரும்பு அது. மேற்பரப்பில்தான் முறுக்கின் வேகம் அதிகம். குழி இருக்கிற இடத்தில் அந்த வேகம் குவியும். ஒரு நாள் அங்கிருந்து விரிசல் ஓடும். மச்சானிடம் சொன்னேன். "ஒரு புள்ளிக்காகவா மாப்ள?" என்றார். வண்டியில் யார் உட்கார்ந்து போகிறார்கள் என்று அவருக்கே தெரியும், நான் மேலே பேசவில்லை. செவர்லே வண்டி விற்பனையை இந்தியாவில் 2017-ன் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அதனால் மதுரையில் பிரித்துப்போட்ட வண்டியின் பார்தான் கிடைத்தது. வலது பார்தானா என்று முனை அடையாளம் பார்த்து, நகத்தை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

கீயையும் பாருங்கள். வாலில் போல்ட்டு உட்காரும் குழி தேய்ந்து நீளமாகியிருக்கிறதா, உள்பல் மழுங்கியிருக்கிறதா என்று. லேத்தில் அறுத்து ஒட்டிய கீயை விலைக்குக் கொண்டுவருவார்கள். வெல்டிங் பண்ணிய கீயை வாங்கவே வாங்காதீர்கள்.

திரும்ப மாட்டுவது

பல்லை ஒயர் பிரஷால் சுத்தம் பண்ணி, படகின் ஷாப்டுக்குப் போடுகிற தண்ணீர் தாங்கும் கிரீஸை இரண்டு முனையிலும் பல் மறையத் தடவினோம். நம் கரைக்கு அதுதான் சரி. பாரில் பெயிண்ட் போன இடத்தில் துரு தடுக்கும் பிரைமர், மேலே கறுப்புப் பெயிண்ட் இரண்டு கோட்டு. ரப்பர் மூடி புதிது. இதெல்லாம் அழகுக்கு இல்லை, பாரின் ஆயுசே இதில்தான்.

பழைய பாராக இருந்தால் முன்முனையைக் குறிக்கு நேராகவே மாட்டுங்கள். கீயை மட்டும் ஒரு பல் தள்ளுங்கள். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உயரம் வேண்டுமானால், சக்கரம் தொங்குகிற நிலையில் கீயின் வால் முன்பைவிடக் கீழே தொங்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டு அதை மேலே இழுக்கும்போது கூடுதல் முறுக்கு ஏறும். இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிர். இரண்டையும் ஒரே பக்கம் சுற்றினால் ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். கழற்றுவதற்கு முன் வாலின் நுனிக்கும் கட்டைக்கும் உள்ள தூரத்தை அளந்துவைத்தால் குழப்பமே வராது. மாற்றிப்போட்ட பாருக்குப் பழைய குறி உதவாது. அந்த அளவுதான் கைகொடுத்தது.

ஒரு பல்தான். இரண்டு பல் தள்ளினால் போல்ட்டு நட்டை எட்டாது, எட்டினாலும் வண்டி ஒட்டகம் மாதிரி நிற்கும்.

போல்ட்டு மரையில் கிரீஸ் போட்டு, கையால் ஐந்தாறு சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர். இரண்டு பக்கமும் மாறி மாறி ஏற்றுங்கள். ஏற்றுவதும் சக்கரம் தொங்கும்போதுதான். சக்கரத்தை மாட்டி, இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தைப் பிடித்து நாலு தரம் அமுக்கிவிட்டு அளவு எடுங்கள். உருட்டாமல் எடுத்தால் டயர் உள்வாங்கி நிற்கும், பொய் அளவு காட்டும். குறைந்தால் மறுபடி தூக்கி, ஏற்றி, இறக்கி, உருட்டி, அளக்க வேண்டும். அலுப்பான வேலைதான். நான் நாலு தடவை செய்தேன். இந்த வண்டியில் போல்ட்டின் ஒரு சுற்று ஏறக்குறைய 5 மி.மீ. உயரம் தந்தது. உங்கள் வண்டியில் முதல் சுற்றிலேயே அளந்துகொள்ளுங்கள். கடைசியில் இரண்டு பக்கமும் 455 மி.மீ.க்கு வந்து நின்றது. போல்ட்டில் நாலு சுற்று மிச்சமும் இருந்தது.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். ஒரு பட்டை சேர்த்தோம். அதைப் பட்டறைக்காரர் அரை நாளில் முடித்துவிட்டார்.

உயரம் மாறினால் முன்சக்கரம் நிற்கும் சாய்வும் மாறிவிடும். அன்றைக்கே அலைன்மென்ட் பார்க்காவிட்டால், சீக்கிரமே டயரின் ஓரம் தேய்ந்துபோகும். முன்பக்கம் நிமிர்ந்ததால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்க வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை, பிரேக் ஹோஸ் இழுக்கவில்லை என்று பாருங்கள். உயரம் ஏறிய வண்டி வளைவில் முன்பைவிடச் சாயும். மேலே கேரியரில் மூட்டை கட்டுவதை மச்சானிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. உட்கார்ந்துபோன வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது ரிப்பேர். அதைத் தாண்டிப் போனால் மாற்றம் பண்ணுவதாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு அதைப் பற்றித்தான் பேசுகிறது. எஃப்.சி.க்குப் போகிற வண்டி என்றால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

புதிதாக மாட்டிய கீ முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் உட்காரும். மச்சானைப் பதினைந்தாம் நாள் வரச் சொல்லியிருந்தேன். விடிகாலையில் ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு, டயரில் ஈர மணலோடு வந்து நின்றார். அளந்தேன். இடது 452, வலது 451. வண்டியைத் தூக்கி, இரண்டு பக்கமும் முக்கால் சுற்று ஏற்றிவிட்டு, சுவரில் பழைய எண்களுக்குக் கீழே புது எண்ணையும் தேதியையும் எழுதினேன். அடியில் படுத்திருக்கும்போதே ரப்பர் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே மணல் இல்லை.